ரிப்பன் மாளிகையில் மேயர் நாற்காலி

மேயரிடம் மனு கொடுக்க, சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு வருகிறவர்களில் பலர், மேயர் ஒரு கையெழுத்துப் போட்டால் தெருவுக்கு ரோடு வந்துவிடும் என்று நம்பித்தான் வருகிறார்கள். சட்டப்படி நிர்வாகப் பொறுப்பு அரசு நியமிக்கும் அதிகாரியான ஆணையாளருடையது. டெண்டர், பில், ஊழியர் நிர்வாகம் எல்லாம் அவர் மேசைக்குப் போகிற கோப்புகள். மேயர், கவுன்சிலர்கள் கூடும் மாமன்றத்தின் தலைவர். அப்படியானால் இந்தப் பதவிக்கு அங்கியும் தங்கச் சங்கிலியும் மட்டும்தானா என்றால், இல்லவே இல்லை. மேயரின் பலம் இருப்பது மாமன்றத்தில். அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும்.

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று செயல்படத் தொடங்கியது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். அவருடன் ஆல்டர்மேன்கள் என்ற மன்ற உறுப்பினர்கள் 12 பேர் இருந்தார்கள். ஆங்கிலேயரோடு போர்ச்சுகீசியர், யூதர், இந்துக்களும் அதில் உண்டு. எல்லாச் சமூகத்தாரையும் சேர்த்துக்கொண்டால் வரி வசூலிப்பது சுலபம் என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு. அந்த வரியே சரியாக வசூலாகவில்லை. பணம் ஒரு பக்கம், பதவி ஒரு பக்கம் என்ற சிக்கல் அன்றைக்கே தொடங்கிவிட்டது. பின்னாளில் மேயர் என்ற பட்டமே இல்லாமல் போய், தலைவர் என்ற பெயரில் பதவி நடந்தது. சர் பிட்டி தியாகராயர் அப்படித் தலைவராக இருந்தபோதுதான், 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 1933இல் மேயர் பட்டம் திரும்ப வந்தது. குமாரராஜா முத்தையா செட்டியார் அந்த வரிசையில் முதலாவது மேயர்.

அப்போது மேயர் பதவிக்காலம் ஒரே வருடம். 1939இல் மேயரான சத்தியமூர்த்தி அந்தக் குறுகிய காலத்தில், சென்னையின் குடிநீருக்கான பூண்டி நீர்த்தேக்கத்துக்காகப் போராடி, 1940இல் அடிக்கல் நாட்ட வைத்தார். 1944இல் வேலை முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. மேயர் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்களுக்குப் பூண்டியைத்தான் காட்ட வேண்டும்.

இனி மன்றக் கூட்டம். துறை அனுப்பும் குறிப்பு, ஆணையாளர் பரிந்துரை, சம்பந்தப்பட்ட நிலைக்குழு (கவுன்சிலர்கள் அடங்கிய துறைவாரிக் குழு) என்று கடந்து ஒரு பொருள் நிகழ்ச்சி நிரலில் ஏறுகிறது. இங்கே கெடுவது இரண்டு. நிரல் கட்டுக்கட்டாகக் கடைசி நேரத்தில் கவுன்சிலர்கள் கைக்குப் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். கை தட்டி 'ஆல் பாஸ்' ஆகிவிடும். அடுத்தது முன்அனுமதி. அவசரம் என்று சொல்லி மேயரிடம் முன்அனுமதி வாங்கி வேலையைத் தொடங்கிவிட்டு, பிறகு மன்றத்தில் பதிவுக்கு வைப்பார்கள். வெள்ளக் காலத்தில் மோட்டார் வாடகைக்கு எடுக்க அது தேவை. எல்லாவற்றுக்கும் அதே வழி என்றால் மன்றம் எதற்கு? முன்அனுமதித் தேதியையும் அவசரத்துக்குச் சொன்ன காரணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிற மேயரிடம் அதிகாரிகள் கவனமாக இருப்பார்கள்.

கேள்வி நேரத்திலும் அப்படித்தான். வார்டில் மழைநீர் வடிகால் பாதியில் நிற்கிறது என்று கவுன்சிலர் எழுந்து சொல்வார். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் வந்தால் அதோடு விஷயம் முடிந்தது. அங்கேயே உட்கார்ந்திருக்கும் பொறியாளரிடம் 'எந்த நிதியில், எந்தத் தேதிக்குள்?' என்று மேயர் கேட்டு, பதிலை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றிவிட்டால், அடுத்த கூட்டத்தில் அந்தத் தேதியை வைத்து மறுபடி கேட்கலாம். ஒரு வரிக் குறிப்புதான், ஆனால் கோப்பை நகர்த்துவது அதுதான்.

மனுக்களில் பெரும் குழப்பம், எது யாருடைய வேலை என்பது. குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மின்கம்பம் மின்வாரியத்துக்கு. சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். மழைநீர் வடிகாலில் சாக்கடை கலந்தால் மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் ஒன்றையொன்று கைகாட்டும். அதனால் ஒரு மனுவில் ஒரே குறை, வார்டு எண், தெருப் பெயர், 1913 என்ற மாநகராட்சிப் புகார் தொலைபேசி எண்ணில் ஏற்கெனவே புகார் செய்திருந்தால் அந்தப் பதிவு எண் இருக்கட்டும். ஐந்து குறைகளை ஒரே தாளில் எழுதினால் அது ஐந்து துறைகளுக்கு நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

1973இல் மஸ்டர் ரோல் (தினக்கூலி ஆட்களின் வருகைப் பதிவேடு) ஊழல் புகாரில் மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான். அந்தத் தேர்தலில் மக்களே நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள், மு.க. ஸ்டாலின் வந்தார். 2006இல் மறைமுகம், அதாவது கவுன்சிலர்கள் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள், 2011இல் மீண்டும் நேரடி. 2016 முதல் 2022 வரை மறுபடியும் மன்றமே இல்லை. அந்த ஆண்டுகளில் தீர்மானங்கள் நிற்கவில்லை. மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர் கையெழுத்தில் நிறைவேறின. ஆனால் எழுந்து நின்று கேள்வி கேட்க 200 வார்டிலும் ஒருவர்கூட இல்லை. 2022இல் மறைமுகத் தேர்தலில் ஆர். பிரியா மேயரானார், பட்டியல் சமூகத்திலிருந்து இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். நேரடியா மறைமுகமா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. அதைவிட முக்கியமானது, தேர்தலைத் தள்ளிப்போடாமல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நடத்துவதும், குடிநீர் வாரியத்தை இந்த மாமன்றத்துக்குப் பதில் சொல்ல வைப்பதும்.