ஏற்காட்டு வீட்டின் வாசற்பூட்டு

ஏற்காட்டில் அம்மா தனியாக இருக்கும் வீட்டின் முன்கதவில், கதவின் விளிம்பைக் குடைந்து உள்ளே பதிக்கும் வகை உயர்பாதுகாப்புப் பூட்டு ஒன்றை 11 ஆண்டுகளுக்கு முன் பொருத்தினோம். அதன் சாவியில் பற்கள் இருக்காது. இரு பக்கமும் சிறு சிறு குழிகள்தான் இருக்கும். சென்ற ஐப்பசியில் அது சிக்கத் தொடங்கியது. ஒருநாள் மாலை கடைவீதியிலிருந்து திரும்பிய அம்மா, தூறலில் முக்கால் மணி நேரம் வாசலிலேயே நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் கதவைத் தோளால் முட்டிக்கொண்டே சாவியைத் திருப்பிய பிறகுதான் திறந்திருக்கிறது.

"தேங்காய் எண்ணெய் விட்டேன் கண்ணு, ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் தொலைபேசியில்.

அந்தச் சனிக்கிழமை, புதுப் பூட்டே வாங்கிவிடலாம் என்ற முடிவோடு சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனேன். நான் அழைத்திருந்த ஆசாரி பூட்டைத் தொடவே இல்லை. கதவைத் திறந்து வைத்து, பூட்டும்போது வெளியே நீளும் நாக்கு எதிலும் நுழையாதபடி சாவியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். அப்போது கடினமாக இருந்தால் குறை பூட்டில். எளிதாகத் திரும்பினால் குறை கதவிலோ நிலைச்சட்டத்திலோ இருக்கிறது என்றார். எங்கள் பூட்டு இரண்டுக்கும் நடுவில் நின்றது. நாக்கு தடையின்றி வந்து போனது. ஆனால் சாவியை உள்ளே செலுத்தும்போது மணல் அரைபடுவதுபோல் நெருடியது. ஆக, குறைகள் இரண்டு.

முதலில் கதவைக் கவனித்தோம். அம்மாவின் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து நாக்கின் முனையில் தடவிக் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பியபோது, நிலையிலுள்ள பித்தளைத் தகட்டில், துளையின் கீழ் விளிம்பிலேயே சிவப்பு ஒட்டியிருந்தது. மேல் கீலின் திருகுகள் தளர்ந்து கதவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. போதாததற்கு, மாதக்கணக்கில் மூடுபனியைக் குடித்த பலகை அகலவாக்கில் ஊதியிருந்தது. கதவை இழைத்துவிடலாமா என்று கேட்டேன். மழையில் இழைத்த கதவு சித்திரையில் சந்து காட்டும் என்று மறுத்துவிட்டு, கீலுக்கு நீளமான திருகுகளைப் போட்டுக் கதவைத் தூக்கி நிறுத்தினார். தகட்டின் விளிம்பை அரத்தால் லேசாகத் தேய்த்தார். கதவை முட்டவேண்டிய தேவை அத்தோடு தீர்ந்தது.

நெருடல் தீரவில்லை. இவ்வகைப் பூட்டில் சாவி நுழையும் பகுதியான சிலிண்டருக்குள் ஸ்பிரிங்குகளின் மேல் சிறு பின்கள் நிற்கின்றன. சாவியின் குழிகள் அவை அனைத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினால்தான் உள்ளுருளை சுழலும். இவ்வளவு நுட்பமான இடைவெளிகளில் எண்ணெய் விட்டால் அது தூசியைச் சேர்த்துக்கொண்டு பசையாகிவிடும். அங்கே உலர்ந்த கிராஃபைட் தூள்தான் ஏற்றது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் காப்பிக் கிடங்கில் தொங்கும் திண்டுக்கல் பூட்டு, தேங்காய் எண்ணெயைக் குடித்தே இத்தனை காலம் உழைக்கிறது. அதன் தடித்த தகடுகளை எண்ணெய் ஒன்றும் செய்வதில்லை.

இன்னொன்றும் தெரியவந்தது. அம்மா பயன்படுத்தியது, தேய்ந்துபோன ஒரு நகலைப் பார்த்து வெட்டிய நகல். நகலை நகலெடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே வரும். பீரோவில் பயன்படாமல் கிடந்த மூலச்சாவியைப் போட்டுப் பார்த்தேன்; ஓரளவு எளிதாகத் திரும்பியது, ஆனாலும் பத்துக்கு மூன்று முறை சிக்கியது. பின்களும் தேய்ந்துவிட்டன என்று பொருள். பூட்டின் பெட்டி நன்றாக இருந்ததால் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும் என்று ஆசாரி சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கழற்றுவது எளிது. கதவின் விளிம்பில், நாக்குக்குக் கீழே உள்ள ஒற்றைத் திருகை முழுவதும் எடுத்துவிட்டு, சாவியைப் போட்டுச் சற்றே திருப்பினால், நாக்கைத் தள்ளும் நடுப்பல் சிலிண்டரின் உடலோடு ஒரே நேராக வரும். அப்போது இழுத்தால் வந்துவிடும். நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, அம்மா பூட்டில்லாமல் இருக்கக்கூடாதே என்று பழையதையே திரும்பப் பொருத்திவிட்டு இறங்கினேன்.

செவ்வாய்ப்பேட்டைக் கடையில் "70 மில்லிமீட்டர்" என்றேன். "திருகுத் துளையிலிருந்து வெளிப்பக்கம் எவ்வளவு, உள்பக்கம் எவ்வளவு?" என்று கேட்டார் கடைக்காரர். நான் மொத்த நீளத்தை மட்டுமே அளந்திருந்தேன். இரண்டு பக்கமும் 35 ஆகத்தானே இருக்கும் என்று வாங்கிவரத் தோன்றியது. அவர் கொடுக்க மறுத்தார். வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் சிலிண்டரைத் திருடன் குறடால் பிடித்து, திருகுத் துளை இருக்கும் மெலிந்த இடத்தில் முறித்துவிடலாம். ஆகவே அதைச் சுற்றிக் கதவில் பதித்த மூடுதகட்டுக்கு மேல் அது 3 மில்லிமீட்டருக்கு மிகாமல் பார்க்கவேண்டும் என்றார். அடுத்த வாரம் மறுபடியும் மலையேறி அளந்தேன்: வெளிப்பக்கம் 30, உள்பக்கம் 40.

மூன்றாவது பயணத்தில் புதிய சிலிண்டரைப் பொருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கதவைத் திறந்து வைத்துப் பலமுறை பூட்டித் திறந்து பார்த்த பிறகே சாத்தினேன். புதிய சிலிண்டரோடு வந்த அட்டையைக் காட்டினால்தான் நகல் சாவி வெட்டித் தருவார்கள் என்பதால், அட்டை என்னிடம் சேலத்தில் இருக்கிறது. சாவிகளில் ஒன்று அம்மாவிடம், ஒன்று பக்கத்து வீட்டில், மற்றொன்று பயன்படுத்தாமல் பீரோவில்.