எந்த வருஷத்து எஸ்2000? எட்டு மாசம் மண்டைய உடைச்சுக்கிட்ட கதை

ஹோண்டா எஸ்2000 வாங்கணும்னு முடிவு பண்ண எனக்கு ஒரு சாயங்காலம் போதுமா இருந்துச்சு. எந்த வருஷத்து எஸ்2000ன்னு முடிவு பண்ண எட்டு மாசம் ஆச்சு. இதே தேடல்ல இப்ப இருக்கறவங்களுக்கு உபயோகப்படும்னுதான் எழுதறேன், ஏன்னா நான் ஆரம்பிச்சப்போ "எல்லாம் ஒரே வண்டிதானே, காசுக்குத் தகுந்த மாதிரி புதுசா ஒண்ணு எடுத்துட்டா முடிஞ்சுது"ன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

வெளிய நின்னு பாத்தா அப்படித்தான் தெரியும். 1999ல வந்ததும் ரெண்டு சீட்டு, நீளமான பானட், துணி டாப், பின் சக்கர டிரைவ், ஆறு கியர் மேனுவல். 2009ல நிறுத்தினப்போ இருந்ததும் அதேதான். ஆட்டோமேட்டிக்னு ஒண்ணு கடைசி வரைக்கும் வரவே இல்ல. ஆனா உள்ள ரெண்டு வேற வேற வண்டி இருக்கு. 2000ல இருந்து 2003 வரைக்கும் உள்ளத ஏபி1ன்னு சொல்வாங்க, 2.0 லிட்டர் எஞ்சின், 9000 ஆர்பிஎம் ரெட்லைன், அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு அத்தனை சுத்து வரைக்கும் போகலாம். 2004ல இருந்து ஏபி2, 2.2 லிட்டர், ரெட்லைன் 8000. இது அமெரிக்க ஸ்பெக் கணக்கு, நான் பாத்ததெல்லாம் அந்த வண்டிங்கதான். ஜப்பான்ல 2.2 எஞ்சின் 2005 கடைசிலதான் வந்துச்சு, ஐரோப்பாவுல கடைசி வரைக்கும் 2.0தான். அதனால வேற நாட்டு வண்டி பாக்கறவங்க நான் சொல்ற வருஷத்த அப்படியே எடுத்துக்காதீங்க.

எனக்கு முதல்ல புத்தி போனது அந்த 9000லதான். ரோட்ல ஓட்டற ஒரு வண்டி 9000 வரைக்கும் சுத்துது, டர்போ கிர்போ எதுவும் இல்லாம 2 லிட்டர்ல 240 குதிரை சக்தி, யாருக்குத்தான் ஆசை வராது. அதனால 2004க்கு அப்புறம் வந்த வண்டிய பாக்கறதே இல்லன்னு சபதம் மாதிரி இருந்தேன். ஏபி1லயே எந்த வருஷம்னு மட்டும் பாத்தா போதும், நாலு வருஷம்தானே.

அந்த நாலு வருஷத்துக்குள்ளயே எவ்வளவு இருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. 2000 மாடல்ல கடிகாரம் கூட கிடையாது. நிஜமாத்தான் சொல்றேன், 2001லதான் கடிகாரமும் சீட்டுக்குப் பின்னாடி காத்து தடுக்கற தட்டும் குடுத்தாங்க. அது சிரிச்சுட்டு விட்டுடலாம். சிரிக்க முடியாத விஷயம் எஞ்சினுக்குள்ள இருக்கு: பிஸ்டனுக்கு அடில ஆயில் அடிக்கற ஜெட்டுக்குப் போற பேஞ்சோ போல்ட்டுல ஆரம்ப வண்டிங்கள்ல ரெண்டு ஓட்டைதான், ஆயில் பத்தாம நாலாவது சிலிண்டர் அடி வாங்கின கதை நிறைய உண்டு. அப்புறம் நாலு ஓட்டை போல்ட்டுக்கு மாத்தினாங்க. ஸ்பார்க் பிளக் லூசாகி ஹெட்டையே கெடுக்கற பிரச்சனையும் ஆரம்ப வண்டிங்களுக்குத்தான். ரெண்டுமே முன்கூட்டி பாத்துட்டா சரி பண்ணிடலாம், ஆனா பழைய ஓனர் பாத்தாரா இல்லையாங்கறதுதான் கேள்வி. 2002ல பின்பக்க பிளாஸ்டிக் கண்ணாடிய எடுத்துட்டு டீஃபாகர் வச்ச நிஜக் கண்ணாடி போட்டாங்க, சஸ்பென்ஷனையும் லேசா தொட்டாங்க. பிளாஸ்டிக் கண்ணாடி கொஞ்ச வருஷத்துல மஞ்சள் பூத்து மடிப்புல வெடிச்சுடும், ரிவர்ஸ் எடுக்கறப்போ பனிமூட்டத்துல பாக்கற மாதிரிதான். சோ 9000 ஆர்பிஎம்மும் வேணும், கண்ணாடியும் வேணும், 2002 இல்லன்னா 2003. பேப்பர்ல எழுதி வட்டம் கூட போட்டாச்சு.

முதல்ல பாக்கப் போன வண்டி "2002"ன்னு விளம்பரம். வெள்ளி கலர், போட்டோல அவ்வளவு சுத்தம். நேர்ல போனா பின்னாடி பிளாஸ்டிக் கண்ணாடி. ஓனர் கிட்ட கேட்டேன், அவர் "டாப் கிழிஞ்சுது, வெளில கிடைச்சத வாங்கி மாத்தினேன் சார்"னு சொல்லிட்டார். அதுவும் நடக்கறதுதான், டாப்ப மட்டும் வச்சு வருஷத்த சொல்லிட முடியாது. ஆனா எனக்கு மனசு கேக்கல, டாஷ்போர்டு ஓரம் குனிஞ்சு விஐஎன் நம்பர, அதாவது வண்டியோட அடையாள எண்ண பாத்தேன். அமெரிக்க வண்டில பத்தாவது எழுத்துதான் மாடல் வருஷம்: 2000ன்னா ஒய், அதுக்கப்புறம் 2001க்கு 1, 2002க்கு 2ன்னு 2009 வரைக்கும் போகும். இதுல இருந்தது 1. டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல தயாரிச்ச மாசமும் 2001தான். அவர் பொய் சொன்னார்னு சொல்ல மாட்டேன், முதல் ஓனர் ஷோரூம்ல இருந்து வெளிய எடுத்தது 2002 ஜனவரியாம், அத வச்சு அவர் இத்தனை வருஷமும் 2002ன்னே நினைச்சுட்டு இருந்திருக்கார். நான் விஐஎன்ன காமிச்சதும் என்னைவிட அவருக்குத்தான் அதிர்ச்சி. ஆயில் போல்ட் மாத்தியிருக்காங்களான்னு கேட்டேன், "அது என்ன போல்ட்"னார். கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

அன்னில இருந்து ஒரு பழக்கம், போன் பண்ணி பேசறதுக்கு முன்னாடியே விஐஎன் கேட்டு வாங்கிடுவேன். நாலாவதுல இருந்து ஆறாவது வரைக்கும் ஏபி1 இல்ல ஏபி2ன்னே எழுதியிருக்கும், யாரும் ஏமாத்த முடியாது. நம்பர் தர மாட்டேன்னு சொன்னவங்க வண்டிய நான் பாக்கப் போகவே இல்ல, அதுல நல்ல வண்டி ஏதாவது போயிருந்தா போகட்டும்.

ரெண்டாவது ஒரு 2003. எல்லாம் சரி, விஐஎன் சரி, கண்ணாடி சரி, மஞ்சள் கலர் வேற. டெஸ்ட் டிரைவ் போன அன்னிக்கு சாரல் விழுந்துட்டு இருந்துச்சு. 6000 தாண்டினதும் விடெக் (வேகம் ஏறினா வால்வ இன்னும் அகலமா திறக்க வைக்கற ஹோண்டா அமைப்பு) மாறி அந்த சத்தம் வருது பாருங்க, முடிவே பண்ணிட்டேன், கையெழுத்து எங்க போடணும்னு கேக்கற நிலைமை. திரும்பி வர்றப்போ ஒரு வளைவு, ரெண்டாவது கியர், வேகம் ஜாஸ்தியோன்னு லேசா ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தேன், அவ்வளவுதான், வண்டி பின்பக்கம் தனியா கிளம்பிடுச்சு. எப்படி ஸ்டியரிங்க திருப்பினேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, குறுக்க நின்னுடுச்சு. பக்கத்துல உக்காந்திருந்த ஓனர் ஒண்ணும் பேசல, நானும் பேசல. நல்ல வேளை எதிர்ல வண்டி இல்ல.

ஒரு வாரம் எஸ்2000ங்கற பேரே எடுக்கல. அப்புறம்தான் நிதானமா உக்காந்து படிச்சேன். ஏபி1ல பின் சஸ்பென்ஷன் ஏறி இறங்கறப்போ பின் சக்கரத்தோட டோ கொஞ்சம் மாறும், அதாவது சக்கரம் பாக்கற திசையே லேசா திரும்பும். வளைவுல பாதில கால எடுத்தா பாரம் முன்னாடி போகும், பின்பக்கம் தூக்கும், டோ மாறும், வால் ஆடும். ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு அதுதான் ருசி. 2004ல இந்த டோ மாற்றத்த குறைக்கற மாதிரி பின்னாடி ஜியாமெட்ரிய மாத்தி, 16 இன்ச் வீல 17 ஆக்கி, பின் டயர் அகலத்த 225ல இருந்து 245 ஆக்கினாங்க.

சரி, ஏபி1தான் தப்புன்னு முடிவு கட்டினேன். ஆனா அதுவும் முழு உண்மை இல்ல. அந்த வண்டிய போட்டோ எடுத்து வச்சிருந்தேன்ல, பெரிசு பண்ணி பாத்தா பின் டயர்ல தேதி தெரிஞ்சுது. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். பத்து வருஷத்துக்கும் மேல பழசு! பட்டன் தேயவே இல்ல, ஆனா ரப்பர் கல்லா போயிருக்கும். விஐஎன்ல வருஷம் பாத்தேன், கதவுல வருஷம் பாத்தேன், ரோட்ட தொடற இடத்துல பாக்கல.

இதுக்கு நடுவுல நண்பன் ஒருத்தன் அவனோட 2.2 வண்டிய ஓட்டிப் பாருன்னு குடுத்தான். நான் கிண்டல் பண்ணிட்டுத்தான் ஏறினேன், "8000 ஆர்பிஎம்ல என்னடா இருக்கு"ன்னு. டார்க் 153ல இருந்து 162 பவுண்ட்-அடி ஆச்சு, பேப்பர்ல ஒன்பதுதான் வித்தியாசம், ஆனா அது கீழயே கிடைக்குது, முதல் நாலு கியரையும் வேற கொஞ்சம் குட்டை பண்ணியிருக்காங்க. டிராஃபிக்ல மூணாவது கியர்ல மிதிச்சா போகுது. ஏபி1ல அதே இடத்துல கியர் குறைச்சு எஞ்சின எழுப்பணும், இல்லன்னா சாதாரண கார் மாதிரிதான் இருக்கும். நான் ஓட்டற நேரத்துல எத்தனை நிமிஷம் 8000க்கு மேல இருக்கப் போறேன்னு யோசிச்சேன். பதில் எனக்கே அசிங்கமா இருந்துச்சு.

இன்னொரு பக்கம் கியர்பாக்ஸ். பாத்த ஏபி1கள்ல பாதிக்கு மேல ரெண்டாவது கியர் போடறப்போ கரகரன்னுச்சு, கியர் சத்தமில்லாம சேர உதவற சின்க்ரோ வளையம் தேஞ்சிருக்கும். 2004ல கார்பன் சின்க்ரோ போட்டுட்டாங்க. அப்புறம் வால்வோட ஸ்பிரிங்க பிடிச்சு வைக்கற வால்வ் ரிடெய்னர், இதுதான் என்னை ரொம்ப பயமுறுத்தினது. நாலாவது போடறதுக்கு பதிலா ரெண்டாவது போட்டுட்டா எஞ்சின் லிமிட்ட தாண்டி சுத்திடும், ரெவ் லிமிட்டர் எரிபொருளத்தான் நிறுத்தும், சக்கரம் எஞ்சின சுத்தறத அது என்ன பண்ணும். அப்ப ஏபி1ல ரிடெய்னர் விரிசல் விட்டுடும், உடனே தெரியாது, எப்பவோ ஒரு நாள் வால்வ் உள்ள விழும். எப்பவோ எவனோ தப்பா ஒரு கியர் போட்டது எந்த ஹிஸ்டரி ரிப்போர்ட்லயும் வராது. ஏபி2 ரிடெய்னர் கொஞ்சம் உறுதி, ஏபி1 ஓனருங்களே அத வாங்கித்தான் மாத்திக்கறாங்க.

வீட்ல அந்த சாரல் கதைய சொல்லாம மறைச்சு வச்சிருந்தேன், நண்பன் உளறிட்டான். அவங்க ஒரே வார்த்தை: "அந்த வழுக்காம பிடிக்கற சமாச்சாரம் இருக்கறத வாங்குங்க." அதாவது விஎஸ்ஏ, ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல். அது 2006லதான் வந்துச்சு. அதோட சேத்து கேபிள் திராட்டில எடுத்துட்டு எலக்ட்ரானிக் திராட்டில் போட்டாங்க. எனக்கு கேபிள்தான் வேணும், கால் வச்ச உடனே அந்த இழுப்பு தெரியணும். இது காரணமே இல்ல, பிடிவாதம்தான், ஒத்துக்கறேன். ரெண்டு வாரம் பேச்சுவார்த்தை நடந்துச்சு, கடைசில நாலு புது டயர், மழைல வண்டிய எடுக்கவே கூடாது, ஒரு நாள் டிரைவிங் ஸ்கூல்னு மூணு கண்டிஷன்ல கையெழுத்தாச்சு.

இப்ப மிஞ்சினது 2004, 2005 மட்டும். இத யாரும் கொண்டாடறதில்ல பாருங்க. 9000 வேணும்கறவன் 2003க்கு முன்னாடி போவான், பாதுகாப்பு வேணும்கறவன் 2006க்கு அப்புறம் போவான், பணம் இருக்கறவன் 2008ல வந்த சிஆர்ங்கற ஸ்பெஷல் மாடல தேடுவான். நடுவுல இருக்கற ரெண்டு வருஷத்துல 2.2 எஞ்சினும் இருக்கு, கேபிளும் இருக்கு, நல்ல சின்க்ரோவும் இருக்கு, மாத்தின சஸ்பென்ஷனும் இருக்கு. நான் எட்டு மாசம் தள்ளி வச்ச வருஷம் அதுதான்.

கிடைச்சது ஒரு 2005, கறுப்பு. ஹோண்டால பானட், ஃபெண்டர், கதவு, டிக்கி, பம்பர்னு ஒவ்வொண்ணுலயும் விஐஎன் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, டார்ச் அடிச்சு ஒண்ணொண்ணா பாத்தேன். முன் பம்பர்ல மட்டும் இல்ல. ஓனர் கேக்கறதுக்கு முன்னாடியே சொன்னார், பார்க்கிங்ல இடிச்சு மாத்தினது, பில்லு இருக்குன்னு. பானட்லயும் ரெண்டு ஃபெண்டர்லயும் ஸ்டிக்கர் அப்படியே இருந்ததால நம்பினேன். மறுநாள் தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட தூக்கிட்டுப் போய் கம்ப்ரெஷனும் லீக் டவுனும், அதாவது சிலிண்டர் அழுத்தம் எவ்வளவு, எங்கயாவது கசியுதான்னு, பாக்க சொன்னேன். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இந்த எஞ்சின்ல சிலிண்டர் சுவர் ஃபைபர் கலந்த உலோகம், தேஞ்சா சாதாரண எஞ்சின் மாதிரி போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் இறக்கற வேலை சுலபத்துல நடக்காது, அதனால இந்த ஒரு டெஸ்ட்ட மட்டும் யாரும் விட்டுடாதீங்க. ஸ்டார்ட் பண்ணப்போ முன்னாடி இருந்து கடகடன்னு ஒரு சத்தம், மெக்கானிக் சிரிச்சுட்டே "செயின் டென்ஷனர், இந்த வண்டிக்கு பிறவிக் கோளாறு, மாத்திக்கலாம்"னார். டாப் மடியற இடத்துல ரெண்டு பக்கமும் உரசி ஓட்டை விழ ஆரம்பிச்சிருந்துச்சு. அதையும் டென்ஷனரையும் சொல்லி விலைய குறைச்சுக்கிட்டேன்.

டயர் தேதி பாத்தேன், முன்னாடி ரெண்டும் ஒரு வருஷம், பின்னாடி ரெண்டும் வேற வருஷம், நாலும் பழசு. கண்டிஷன் படி நாலையும் கழட்டிட்டு புதுசு போட்டாச்சு, டென்ஷனரும் மாத்தியாச்சு. டிரைவிங் ஸ்கூல் மட்டும் பாக்கி, அது வரைக்கும் வானத்துல ஒரு மேகம் தெரிஞ்சாலே சாவி என் கைல இருக்காது.