கோடை ஆய்வு ஃபெலோஷிப்: குறிப்பும் கடிதமும்

பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு ஃபெலோஷிப்பைப் பற்றிக் கோடையில் யோசித்தால் காலம் கடந்திருக்கும். அறிவிப்பு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வந்துவிடும். தேர்வானால் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் 2 மாத வேலை, உதவித்தொகையோடு. கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரியாமல் போவது வருத்தம்தான்.

வாங்கிய மதிப்பெண்ணை இனி ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் கையில் இருப்பவை இரண்டுதான்: என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று எழுதும் குறிப்பு, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம்.

"நானோ டெக்னாலஜியில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்று தொடங்கும் குறிப்புகள் குவியலாக வரும். படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: சில்வர் நைட்ரேட்டையும் சோடியம் சிட்ரேட்டையும் நீரில் கரைத்துச் சூடாக்கினால் வெள்ளி நானோ துகள்கள் உருவாகி மஞ்சள் நிறக் கரைசல் வருகிறது, அது எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் யூவி-விசிபிள் ஸ்பெக்ட்ரத்தில் 400 நானோமீட்டரை ஒட்டி உச்சம் தெரிகிறது, துகள் பெரிதாகும்போது உச்சம் சிவப்புப் பக்கம், அதாவது நீண்ட அலைநீளத்துக்கு, நகர்கிறது, சிட்ரேட் அளவை மாற்றி அந்த நகர்வைக் கட்டுப்படுத்த முடியுமா? கேள்வி சிறியது, அளவிடக்கூடியது, 8 வாரத்துக்குள் அடங்குவது. புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பேன் என்று எழுதினால், ஆய்வின் வேகம் உங்களுக்குத் தெரியாது என்றே பொருள்படும். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய பத்தியை அந்தத் துறைக்காரர் முதல் வரியிலேயே கண்டுகொள்வார்.

கடிதத்துக்கு ஆசிரியரிடம் 3 வாரம் முன்பே சொல்லுங்கள். "ஒழுக்கமான மாணவி, நன்றாகப் படிப்பார்" என்ற கடிதம் யாருக்கும் பொருந்தும், அதனால் பயனில்லை. அவர் எடுத்த பாடத்தில் உங்கள் மதிப்பெண், செய்த ப்ராஜெக்ட், லேபில் தவறிப்போன சோதனையை எப்படித் திருத்தினீர்கள் என்பதை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். நல்ல ஆசிரியருக்கு அது போதும். கடைசி நாளுக்கு 2 நாள் முன்பு, கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள். கேட்கத் தயங்கியே நல்ல விண்ணப்பங்கள் பாதியில் நின்றுபோகின்றன.

தேர்வானதும் வரும் சிக்கல் செமஸ்டர் பரீட்சை. ஏப்ரல்–மே தேர்வுகள் தள்ளிப்போனால் சேரும் தேதியும் தள்ளும். உங்கள் வழிகாட்டியான விஞ்ஞானிக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். கல்லூரியின் அனுமதிக் கடிதத்தையும் முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.

8 வாரம் என்பது சட்டென்று கரையும். முதல் வாரம் படிப்பிலும் பாதுகாப்புப் பயிற்சியிலும் போகும். எலக்ட்ரான் நுண்ணோக்கி போன்ற பொதுக் கருவிகளுக்கு வரிசை உண்டு, 2 வாரம்கூட ஆகலாம். அதனால் மாதிரி தயாராகும்வரை காத்திராமல், சேர்ந்த வாரமே கருவிக்கு முன்பதிவு செய்யுங்கள். கிளம்பும் முன் கருவியின் மூலத் தரவுகளை, வழிகாட்டியின் அனுமதியோடு, தேதி வாரியாகப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் ஒரு வரைபடத்தைத் திருத்த வேண்டிவந்தால் படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, எண்கள் வேண்டும்.