ஃபேமிகாமின் 21ஆம் பின்: கம்பிக்கோடுகள் ஒருவழியாக ஒழிந்தன

நிண்டெண்டோவின் பழைய ஜப்பானிய வீடியோ கேம் கருவியான என் ஃபேமிகாமின் படத்தில் நெடுநாளாக எரிச்சலூட்டிக்கொண்டிருந்த செங்குத்துக் கம்பிக்கோடுகள், படத்தை உருவாக்கும் பிபியு சிப்பின் 21ஆம் பின்னை (காலை) போர்டிலிருந்து தூக்கிய பிறகு ஏறத்தாழ முழுவதும் மறைந்துவிட்டன. டிவியின் வீடியோ, ஒலி சாக்கெட்டுகளுக்கு நேராகப் போகும் ஏவி வெளியீட்டைப் பொருத்திய எல்லோருக்கும் இந்தக் கோடுகள் பழக்கமானவையே. மாரியோவின் முதல் கட்டத்தில் வெளிர்நீல வானம் திரை முழுவதும் விரியும்போது, இடைவெளி பிசகாமல் மேலிருந்து கீழாக நிழல் கோடுகள் வரிசையாக நிற்கும். விளையாட்டில் ஆழ்ந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்பவர்கள் உண்டு. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அதன்பிறகு வேறு எதுவுமே தெரியாது என்பது என் அனுபவம். ஏவி மாற்றத்தின் அடிப்படைகளை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. அதைச் செய்து முடித்தும் கோடுகளோடு மல்லுக்கட்டுபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கருவி ஜப்பானிலிருந்து 'ஜங்க்' என்ற வகையில், அதாவது ஓடும் என்ற உறுதி ஏதும் இல்லாமல், வாங்கியது. வட்டப் பொத்தான் கொண்ட வகை. உள்ளே எச்விசி-சிபியு-07 போர்டு. 1983 ஜூலை 15 அன்று விற்பனைக்கு வந்த இந்தக் கருவிக்கு டிவியின் ஆன்டெனா சாக்கெட்டுக்குப் போகும் ஆர்எஃப் வெளியீட்டைத் தவிர வேறு வழி கிடையாது. அதுவும் ஜப்பானின் 1, 2 ஆகிய சேனல்களில், அதாவது 91.25 அல்லது 97.25 மெகாஹெர்ட்ஸில்தான் படத்தை அனுப்புகிறது. நம் ஊரில் அது பண்பலை வானொலிக்கு உரிய இடம். நம் டிவிகளின் டியூனர் பெரும்பாலும் அந்தப் பக்கமே போகாது. போனாலும் படத்துக்கும் ஒலிக்கும் நடுவே ஜப்பானில் 4.5 மெகாஹெர்ட்ஸும் இங்கே 5.5 மெகாஹெர்ட்ஸும் இடைவெளி இருப்பதால் படம் வந்து ஒலி வராமல் நிற்கும். ஆகவே இங்கே ஏவி மாற்றம் என்பது ஆசைக்குச் செய்வதன்று, வேறு வழியில்லாமல் செய்வது. 1993இல் நிண்டெண்டோவே ஏவி வெளியீட்டோடு ஒரு ஃபேமிகாமை வெளியிட்டது. ஆனால் அதில் இரண்டாம் ஆட்டக்காரரின் கன்ட்ரோலரில் மைக் இல்லை. சிவப்பும் வெள்ளையுமான அந்தப் பழைய உடலும் இல்லை. விலையும் என் கைக்கு எட்டவில்லை.

மின்சாரம் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. அதை நம் 230 வோல்ட்டில் செருகக்கூடாது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மாற்று அடாப்டர் வாங்கும்போது பலர் கவனிக்காதது முனைகளின் திசை. ஃபேமிகாமின் அடாப்டர் 10 வோல்ட், 850 மில்லியாம்பியர், நடுமுனை நெகட்டிவ். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான நெஸ் கருவிக்குள் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் இருப்பதால் அதற்கு எந்தத் திசையும் ஒத்துக்கொள்ளும். ஃபேமிகாமுக்கு அந்தச் சலுகை இல்லை. கடைகளில் கிடைக்கும் சிசிடிவி அடாப்டர்கள் எல்லாம் நடுமுனை பாசிட்டிவ். கிட்டார் எஃபெக்ட் பெடல்களுக்கான 9 வோல்ட் அடாப்டர்தான் வழக்கமாக நடுமுனை நெகட்டிவாக வரும் என்பதால் நான் இசைக்கருவிக் கடையில் போய் 1 ஆம்பியர் வகை ஒன்றை வாங்கிக்கொண்டேன். உள்ளே மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டருக்கும் ஒரு வோல்ட் குறைவாகக் கொடுப்பதால் சூடு சற்றுக் குறைகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன? பிபியு ஒவ்வொரு 8 பிக்சலுக்கும் நான்கு முறை நினைவகத்தைப் படிக்கிறது: எந்த டைல் (படத்தை அடுக்கும் சிறு கட்டம்), அதற்கு எந்த நிறத்தொகுதி, அதன் வடிவத்தின் முதல் பாதி, மறுபாதி. இந்தத் தாளம் திரையின் ஒவ்வொரு வரியிலும் ஒரே இடத்தில் திரும்புகிறது. நினைவக முகவரியையும் தரவையும் கொண்டுபோகும் தடங்கள் இவ்வாறு துடிக்கும்போது, அதே சிப்பின் 21ஆம் பின்னிலிருந்து புறப்படும் கம்போசிட் வீடியோ சிக்னல் போர்டின் செம்புத் தடத்தில் அவற்றுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. துடிப்பின் ஒரு துளி வீடியோவில் கசிந்தால் போதும். அது எல்லா வரிகளிலும் ஒரே இடத்தில் விழுவதால் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகத் தெரிகிறது.

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியங்களை நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்கள் அனைத்தையும் புதிதாக மாற்றினேன். கருவியின் ஆயுளுக்கு நல்லது, கோடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 7805 ரெகுலேட்டரை மாற்றினால் தீரும் என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் கருவியில் அதுவும் பலிக்கவில்லை. போர்டின் அடிப்புறத்தில் பிபியுவின் 40ஆம் பின்னுக்கும் 20ஆம் பின்னுக்கும் நடுவே, அதாவது 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கபாசிட்டர் ஒன்றும் 10 மைக்ரோஃபாரட் ஒன்றும் வைத்ததில் கோடுகள் சற்றே வெளுத்தன. வீடியோ வயரை ஷீல்டு போட்ட வயராக மாற்றியதில் இன்னும் கொஞ்சம். ஆனால் கசிவு வயரில் ஏறுவதற்கு முன்பே, போர்டின் தடத்திலேயே நடந்துவிடுகிறது. 21ஆம் பின்னின் அடியில் வயரை வைத்து எவ்வளவு நல்ல கேபிளில் சிக்னலைக் கொண்டுபோனாலும், அந்தப் பின்னோடு ஒட்டியிருக்கும் பழைய தடம் ஒரு ஆன்டெனாவாக நின்று சுற்றியுள்ள இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். பின்னைத் தூக்க வேண்டும் என்பது இதனால்தான்.

21ஆம் பின் சிப்பின் மூலையில் இருப்பது நம் அதிர்ஷ்டம். ஒரு பக்கம் மட்டுமே அண்டைப் பின், அதுவும் 22, மறுபக்கம் வெட்டவெளி. ஆனால் நாற்பது ஆண்டு பழகிய பின் அது. வளைத்து நிமிர்த்தி மறுபடி வளைத்தால் சிப்பின் உடலை ஒட்டிய இடத்தில் ஒடிந்துவிடும். அப்படி ஒடிந்தால் கறுப்புப் பிளாஸ்டிக்கைச் சுரண்டி மிச்ச உலோகத்தைத் தேடும் அவலத்தைத் தவிர வேறு வழியில்லை. எனவே பின் துளைக்குள் முழுக்க விடுபடும் வரை மேலிருந்து நெம்பவே கூடாது.

முதலில் பழைய ஈயத்தின் மேல் ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஓட உதவும் பசை) தடவி, புதிய 63/37 ஈயத்தை நிறையவே சேர்த்தேன். பழைய ஈயம் தனியாக உருக மறுக்கும்; புதியதோடு கலந்தால் இளகிக்கொடுக்கும். அயர்ன் 350 டிகிரியில் இருந்தது. பிறகு விக் என்ற செம்புப் பின்னலை வைத்து உறிஞ்சினேன். துளையின் உள்சுவரிலும் செம்பு இருப்பதால், மேலே காலியாகத் தெரிந்தாலும் சுவரோடு ஒரு மெல்லிய ஈயப்படலம் பின்னைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதை அறிய ஒரு வழி உண்டு. போர்டைத் திருப்பி, ஊசிமுனை ட்வீசரால் பின்னின் நுனியைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பார்க்க வேண்டும். விடுபட்டிருந்தால் 'டிக்' என்ற சின்ன ஒலியோடு துளைக்குள் ஆடும். ஆடவில்லை என்றால் மறுபடி ஈயம் சேர்த்து மறுபடி உறிஞ்ச வேண்டும். எத்தனை முறை ஆனாலும் சலிக்கக்கூடாது. ஆனால் ஒவ்வொரு முறைக்கும் நடுவே போர்டை நன்றாக ஆறவிட வேண்டும், இல்லையென்றால் செம்பு வளையம் கழன்று வந்துவிடும். அந்த 'டிக்' கேட்ட பிறகு, பல் மருத்துவர்கள் பயன்படுத்துவதைப் போன்ற வளைந்த கொக்கியைப் பின்னுக்கும் சிப்புக்கும் நடுவே நுழைத்து, பின்னின் தடித்த பகுதியைப் பிடித்து ஒரே இழுப்பில், ஒரே திசையில் வெளிப்புறமாகத் தூக்கினேன். கிடைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் அழகு பார்க்க வேண்டிய தேவை இல்லை.

தூக்கிய பின்னின் மீதே, சிக்னலுக்கு வலுவூட்டும் டிரான்சிஸ்டரின் பேஸ் காலை நேராகச் சால்டர் செய்தேன். வயரே கிடையாது. எமிட்டருக்கு 5 வோல்ட்டிலிருந்து 300 ஓம், எமிட்டரிலிருந்து 110 ஓம், அதன்பின் 220 மைக்ரோஃபாரட், பிறகு சாக்கெட். சுற்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைப் பின்னுக்கு அரை அங்குலத்துக்குள் அடக்கிவிடுவதில்தான் முழுப் பலனும் இருக்கிறது. பெருக்கிய சிக்னலுக்கு இரைச்சலைத் தாங்கும் வலு உண்டு, பின்னிலிருந்து அப்படியே வரும் சிக்னலுக்கு அது கிடையாது. அடியில் மின்காப்புக்குக் கேப்டான் டேப், அதன்மேல் செம்பு டேப், அந்தச் செம்பை ஒரே ஒரு இடத்தில் மட்டும் கிரவுண்டோடு இணைப்பு.

உதிரிகள் அனைத்தும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை. வரைபடங்களில் சொல்லும் 2எஸ்ஏ937 அங்கே கேட்டால் சிரிக்கிறார்கள். 2எஸ்ஏ1015 கிடைத்தது, பிசி557 எந்தக் கடையிலும் கிடைக்கும், இந்த வேலைக்கு அதுவும் தாராளமாகப் போதும். கால்களின் வரிசையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: தட்டையான முகம் நம்மைப் பார்த்திருக்க, 1015க்கு இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ், 557க்குக் கலெக்டர், பேஸ், எமிட்டர். வீடியோவுக்கு 75 ஓம் மெல்லிய கேபிள் தேடி அலைந்து, கடைசியில் 50 ஓம் ஆர்ஜி174தான் கிடைத்தது. ஒரு சாண் நீளத்துக்கு அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் கண் எனக்கு இல்லை. இருப்பதாகச் சொல்பவர்களை நான் நம்புவதும் இல்லை.

பழைய பிக்சர் டியூப் டிவியில் போட்டுப் பார்த்தபோது மாரியோவின் வானம் ஒரே சீரான நீலமாக நின்றது. நிறத்தை முழுவதும் ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தால் மட்டும் இன்னும் ஒரு சாயல் தெரிகிறது. அது சிப்புக்குள்ளேயே பிறப்பது என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து எதைச் செய்தாலும் அது போகாது. முழுக்கப் போக வேண்டுமென்றால் பிபியுவையே கழற்றி, சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக வெளியிடும் என்இஎஸ்-ஆர்ஜிபி போர்டைப் பொருத்த வேண்டும். நாற்பது பின்களையும் உருவி எடுக்கும் துணிச்சல் இருப்பவர்கள் செய்யட்டும். நிண்டெண்டோ 2003இல் தயாரிப்பையும் 2007இல் பழுதுபார்க்கும் சேவையையும் நிறுத்திவிட்ட ஒரு கருவியில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சிப்பைச் சூடாக்கிக் கழற்றுவது என் மனத்துக்கு ஒப்பவில்லை. நான் செய்திருக்கும் மாற்றத்தையோ, பின்னை மறுபடி துளைக்குள் இறக்கி ஒரு சொட்டு ஈயம் வைத்தால் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடலாம். உடலிலும் எங்கும் துளையிடவில்லை. சேனல் மாற்றும் சுவிட்சை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே 3.5 மில்லிமீட்டர் சாக்கெட்டை உட்கார வைத்திருக்கிறேன். கழற்றிய சுவிட்ச் ஒரு பொட்டலத்தில் கருவியோடேயே இருக்கும்.

ஒலியில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. பலர் செய்வதுபோல், ஒலியையும் உருவாக்கும் சிபியு சிப்பின் பின்களிலிருந்து ஒலியை எடுக்காமல், கேசட் சாக்கெட்டின் 46ஆம் முனையிலிருந்து எடுத்திருக்கிறேன். ஃபேமிகாம் ஒலியை 45ஆம் முனை வழியாகக் கேசட்டுக்கு அனுப்பி 46இல் திரும்ப வாங்குகிறது. சாதாரணக் கேசட்டில் இரண்டும் நேரடியாக இணைந்திருக்கும். ஆனால் கொனாமி 1989இல் வெளியிட்ட 'அகுமாஜோ டென்செட்சு' போன்றவற்றில் கேசட்டுக்குள் இருக்கும் விஆர்சி6 சிப் தன் மூன்று ஒலித்தடங்களையும் அந்த இடத்தில்தான் கலக்கிறது. சிபியுவிலிருந்து நேராக எடுத்துவிட்டால் அந்த மூன்றும் காணாமல் போய்விடும்.

சோதனைக்குத் தொண்ணூறுகளின் நம் ஊர் டிவி கேம் கேசட் ஒன்றையும் போட்டேன். அவையும் 60 பின் கேசட்டுகள் என்பதால் அப்படியே பொருந்தின. காண்ட்ராவின் இசை சிறுவயதில் கேட்டதிலிருந்து வேறாக ஒலித்தது. கேசட்டில் குறையொன்றும் இல்லை. தைவானின் யுஎம்சி சிப் போட்ட பல நகல் கருவிகளில் சதுர அலையின் 25 சதவீதமும் 50 சதவீதமும் இடம் மாறியிருக்கும். நாம் கேட்டு வளர்ந்தது அந்த மாறிய ஒலியைத்தான். நகல் கருவி ஒன்று வேலை செய்யும் நிலையில் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். அந்த ஒலியை ஃபேமிகாம் தராது.

திரை முழுவதும் வெள்ளையாகும்போது ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் கேட்கிறது. வீடியோவும் ஒலியும் சாக்கெட்டருகே ஒரே கிரவுண்டைப் பகிர்ந்துகொள்வதே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். ஒலிக்கான கிரவுண்டைக் கேசட் சாக்கெட்டின் அருகிலிருந்தே தனியாக இழுத்துப் பார்க்கப்போகிறேன். அதற்குள் ஃபேமிகாமோடு இணைக்கும் டிஸ்க் டிரைவான டிஸ்க் சிஸ்டம் ஒன்றும் மேசைக்கு வந்துவிட்டது. வழக்கம்போல அதன் ரப்பர் பெல்ட் உருகிப் புல்லியெல்லாம் கறுப்புப் பசையாக அப்பிக் கிடக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அதைத் துடைக்கத் தொடங்கியிருக்கிறேன். பெல்ட் மாற்றினால் மட்டும் போதாது, ஹெட்டின் தொடக்க இடத்தையும் சரிசெய்ய வேண்டும் என்பதால் அதைத் தனியாக எழுதுகிறேன். ஃபேமிகாமின் மேல்மூடி இன்னும் திறந்தபடியேதான் இருக்கிறது. ரீங்காரத்தை ஒழித்தவர்கள் கிரவுண்டை எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.