ஆயிரம் பேரில் 25 பேர்

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு நாலறை வீடு. இரவு ஏழரை மணி இருக்கும். இரும்புக் கிராதிக்கு வெளியே நின்றபடி, கூடத்தில் அமர்ந்திருந்த பாட்டியிடம் அவருடைய பிறந்தநாள் எப்போது என்று கேட்டேன். "ஆவணி மாதம், அவிட்டம்" என்றார். "அடையாள அட்டையில் ஜனவரி 1 என்று போட்டிருக்கிறது" என்றார் அவருடைய மகன்.

அது அக்டோபர் மாதம். அந்த வீட்டில் 21 வயதைத் தாண்டியவர்கள் நான்கு பேர். அவர்களில் யாருடைய பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவரிடம் மட்டுமே கேள்விகளைக் கேட்கவேண்டும் என்பது எங்கள் கருத்தாய்வின் விதி. ஆவணியை எடுத்துக்கொண்டால் பாட்டி கடைசி ஆள். ஜனவரியை எடுத்துக்கொண்டால் அவர்தான் முதல் ஆள். அட்டையில் உள்ளதே கணக்கு என்பதால் பாட்டி தேர்வானார்.

மகனுக்கு ஏமாற்றம். "அம்மாவுக்கு அரசியலைப் பற்றி என்ன தெரியும்? என்னைக் கேளுங்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்" என்றார். பாட்டியும் அதையேதான் சொன்னார்: "அவனையே கேளம்மா. நான் என்ன கண்டேன்?"

வீடு வீடாகச் சென்று கருத்தாய்வுக்குப் பேட்டி எடுக்கும் இந்த வேலையை ஆறு ஆண்டுகளாகப் பகுதிநேரமாகச் செய்கிறேன். தமிழில் பேசவேண்டிய வீடுகளுக்கு என்னை அனுப்புவார்கள். கழுத்தில் அடையாள வில்லை, கையில் கைக்கணினி, பையில் அறிமுகக் கடிதங்கள், பேட்டி முடிந்ததும் கொடுப்பதற்கு 10 வெள்ளிப் பற்றுச்சீட்டு. பேருந்துக் கட்டணம், முதியோர் பராமரிப்பு, இன நல்லிணக்கம், அமைச்சர்கள் மீதுள்ள நம்பிக்கை என்று பலவற்றையும் கேட்டிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் என் காதில் அதிகம் விழுந்த வாக்கியம் "அவரைக் கேளுங்கள்" என்பதுதான். மனைவி கணவரைக் கைகாட்டுவார். தாய் மகனைக் கைகாட்டுவார். ஓய்வுபெற்ற தந்தை, பல்கலைக்கழகத்தில் படித்த மகளைக் கூப்பிடுவார்.

அவர்கள் பேச்சைக் கேட்டு ஆளை மாற்றிக்கொண்டால் என் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அப்படிச் சேர்த்த ஆயிரம் பதில்களும் பேசத் தயங்காதவர்களின் பதில்களாகவே இருக்கும். அந்தக் கருத்தை அறிய வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியதில்லை. எந்தக் காப்பிக்கடையிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கிடைத்துவிடும். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்பவர் வாயைத் திறந்தால் என்ன வருகிறது என்பதற்காகத்தானே இவ்வளவு விதிகளும்! அந்த இரவு நான் விட்டுக்கொடுக்கவில்லை. "பாட்டி, இதில் சரி தவறு கிடையாது. நீங்கள் நினைப்பதைச் சொன்னால் போதும்" என்றேன். மகன் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு, அதே கூடத்தில் சோஃபாவில் அமர்ந்துகொண்டார்.

முதல் கேள்விக்கு முன்னால் பாட்டி ஒரு கேள்வி கேட்டார். "நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பது இதில் தெரிந்துவிடுமா? ஓட்டுச்சீட்டில் எண் இருக்கிறதே." வயதானவர்கள் பலரிடம் இந்த அச்சத்தைக் கண்டிருக்கிறேன். வாக்குச்சீட்டில் வரிசை எண் இருப்பது உண்மை. கள்ளச்சீட்டு கலந்துவிடாமல் இருக்கத்தான் அந்த எண். எண்ணி முடித்ததும் சீட்டுகள் முத்திரையிடப்பட்டு, உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் வைக்கப்பட்டு, பிறகு அழிக்கப்படுகின்றன. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். எங்கள் ஆய்வில் பெயர் பதிவாகாது என்பதையும் சொன்னேன். தலையை ஆட்டினார். ஆனாலும் சில கேள்விகளின்போது அவருடைய கண் சோஃபாவின் பக்கம் போய் வந்தது. பேட்டியின்போது வேறு யாரும் அருகில் இருந்தார்களா என்று கைக்கணினியில் ஒரு கட்டம் உண்டு. அதில் 'ஆம்' என்று குறித்துவைத்தேன். அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் பதில்களை எடைபோடுகிறார்களா என்பதில் எனக்கு அக்கறை உண்டு.

இனி, என் மனத்தை உண்மையில் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆய்வுக் கேள்விகள் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. பிறகு சீனம், மலாய், தமிழுக்கு வருகின்றன. பதில்கள் ஐந்து படிகளில்: 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதில் தொடங்கி 'முற்றிலும் உடன்படவில்லை' என்பதில் முடியும். நடுவில் 'நடுநிலை'. "இதில் எனக்கு இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை" என்பதைக் குறிக்க வைத்த சொல் அது. ஆனால் தமிழில் நடுநிலை என்பது அலட்சியமோ குழப்பமோ அல்லவே! அது ஓர் அறம். நீதிபதிக்கும் பெரியவர்களுக்கும் இருக்கவேண்டிய குணம். செம்பவாங் கப்பல் பட்டறையில் பல ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், பட்டியலை நான் வாசித்து முடிப்பதற்குள், "நடுநிலை என்று போடுங்கள். நான் எப்போதும் நடுநிலையாகத்தான் இருப்பேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். 14 கேள்விகளுக்கும் அதே பதில்தான். பேட்டி முடிந்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, மருத்துவக் கட்டணத்தைப் பற்றி அவர் பேசிய பேச்சில் நடுநிலை ஒரு துளியும் இல்லை. அத்தனை தெளிவான கருத்து கொண்ட மனிதர், அறிக்கையில் கருத்தில்லாதவராகப் பதிவானார்.

இன்னொன்று இதைவிடக் கடுமையானது. 'அரசியல்வாதிகள் சாதாரண மக்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை' என்று ஒரு வாக்கியம். பாட்டியிடம் வாசித்தேன். "இல்லை, இல்லை" என்றார். இதை எங்கே பதிவது? ஆங்கிலத்தில் யோசிப்பவர், பாட்டி இந்தக் கூற்றை மறுக்கிறார் என்று நினைப்பார். தமிழில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியும்: "மழை வரவில்லையே" என்றால் "இல்லை" என்று சொல்வது ஆமோதிப்பு. பாட்டி சொன்னதும் அப்படியும் இருக்கலாம், மறுப்பாகவும் இருக்கலாம். கேள்வியை எங்கள் சொந்தச் சொற்களில் விளக்கக்கூடாது என்பது கண்டிப்பான விதி. ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டால் பதில்களை ஒப்பிட முடியாது, விதி நியாயமானதே. அதனால் அதே வாக்கியத்தை மறுபடியும் மெதுவாக வாசித்தேன். பாட்டி மறுபடியும் "இல்லை" என்றார். மூன்றாவது முறை, ஐந்து பதில்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி எது என்று கேட்டபோது, சற்று யோசித்து, "உடன்படுகிறேன்" என்றார். சோஃபாவில் இருந்த மகன் நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு பாட்டியின் ஒரு பதிலுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூரில் ஓர் ஆய்வு ஆயிரம் பேரிடம் நடத்தப்பட்டால், மொத்த முடிவு ஏறக்குறைய 3 விழுக்காட்டுப் புள்ளி முன்பின் இருக்கும். அது நல்ல துல்லியம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் 9 விழுக்காடு. ஆயிரத்தில் 90 பேர். அந்த 90 பேருக்கான பிழை 10 விழுக்காட்டுப் புள்ளிக்கு ஏறிவிடுகிறது. 'இந்தியர்களில் 52 விழுக்காட்டினர் ஆதரிக்கிறார்கள்' என்று ஓர் ஆய்வு சொன்னால், உண்மை 42 ஆகவும் இருக்கலாம், 62 ஆகவும் இருக்கலாம். வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுபவர்கள், அதே கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. ஆயிரத்தில் 25 பேர்! அந்த 25 பேரில் நான்கைந்து பேர் நடுநிலையைப் பெருமையாகத் தேர்ந்தெடுத்து, இரண்டு பேரின் 'இல்லை' தலைகீழாகப் பதிவானால் நம் மக்களைப் பற்றி என்ன தெரிந்துகொண்டோம்? சில பெரிய ஆய்வுகளில் சிறுபான்மையினரைக் கூடுதலாகச் சேர்த்துப் பேட்டி எடுத்து, பிறகு மொத்தக் கணக்கில் உரிய எடைக்குக் குறைத்துக்கொள்கிறார்கள். அது பிழை அளவைக் குறைக்கும். தவறாக மொழிபெயர்த்த சொல்லை அது திருத்தாது.

வாக்காளர்கள் 27 லட்சத்துக்கும் மேல். ஆய்வில் பேசும் ஆயிரம் பேரில் ஒருவர் என்றால், அந்த இரவு பாட்டி 2,700 பேருக்காகப் பேசினார்.

சிலரை மட்டும் கேட்டு எல்லாருடைய மனத்தையும் கணிக்கும் கூறெடுப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். சிரத்தையாகச் செய்தால் அது எவ்வளவு அழகாக வேலை செய்யும் என்பதைத் தேர்தல் இரவுகளில் இந்த நாடே பார்க்கிறது. ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்தின் சீட்டுகளிலிருந்தும் 100 சீட்டுகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து எண்ணி, அங்கே பதிவான வாக்குகளுக்கேற்ப எடைபோட்டுக் கூட்டுகிறார்கள். அந்த மாதிரி வாக்கு எண்ணிக்கையை 2015 பொதுத் தேர்தல் முதல் தேர்தல் துறை பொதுமக்களுக்கு அறிவிக்கிறது. 2023 செப்டம்பர் 1, அதிபர் தேர்தல் இரவு, திரு தர்மன் சண்முகரத்னத்துக்கு 70 விழுக்காடு, மற்ற இருவருக்கும் 16, 14 என்று நள்ளிரவுக்கு முன்பே வந்துவிட்டது. இறுதி முடிவு 70.4, 15.7, 13.9. நான் கைதட்டினேன். வாக்குச்சீட்டு பேசத் தயங்குவதில்லை, மகன் பக்கம் பார்ப்பதில்லை, 'இல்லை' என்பதற்கு இரண்டு பொருள் வைப்பதில்லை. அதனால்தான் அங்கே 100 சீட்டு போதுமானதாக இருக்கிறது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு: 2011 அதிபர் தேர்தலில் முதலிருவருக்கும் இடையே இருந்த இடைவெளி 0.35 விழுக்காடுதான். 4 புள்ளி முன்பின் இருக்கக்கூடிய எந்த மாதிரியும் அங்கே எதையும் சொல்லியிருக்க முடியாது.

தேர்தல் ஆணை பிறப்பிக்கப்பட்டதிலிருந்து வாக்களிப்பு முடியும் வரை இங்கே தேர்தல் கருத்துக்கணிப்பு முடிவுகளை வெளியிடச் சட்டம் தடைவிதிக்கிறது. 2025இல் அது ஏப்ரல் 15 முதல் மே 3 இரவு வரை. 2024 ஜூன் 1 அன்று இந்தியத் தொலைக்காட்சிகளில் வந்த வாக்குக்கணிப்புகளை உறவினர்களோடு சேர்ந்து பார்த்தேன். ஆளும் கூட்டணிக்கு 350 இடங்களுக்கும் மேல் என்று பெரும்பாலானவை அடித்துச் சொல்லின. மூன்று நாள் கழித்து வந்தது 293. அதைப் பார்த்த பிறகு வாக்களிப்பு நாளில் இந்தத் தடை எனக்கு நிம்மதியே தருகிறது. ஆனால் தேர்தல் இல்லாத ஆண்டுகளில் எந்தத் தடையும் இல்லை. கொள்கை ஆய்வுக் கழகம் போன்றவை தொடர்ந்து ஆய்வுகளை வெளியிடுகின்றன. மக்கள் மனம் அறியப்படும் அமைதியான காலம் அதுதான். அதனால் அப்போது கேட்கும் கேள்விகள் எங்கள் மொழியில் சரியாக இருக்கவேண்டும் என்று மன்றாடுகிறேன்.

மேற்பார்வையாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். 'நடுநிலை' என்பதற்குப் பதிலாக 'உடன்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை' என்று போடுங்கள்; எதிர்மறை வாக்கியங்களை 'அரசியல்வாதிகள் மக்களை மறந்துவிடுகிறார்கள்' என்பதுபோல நேர்வாக்கியமாக்குங்கள் என்று கேட்டேன். மொழிபெயர்ப்பு சரிபார்க்கப்பட்டுவிட்டது, ஆய்வின் நடுவில் மாற்றினால் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட முடியாது என்று பதில் வந்தது. தவறாகக் கேட்ட கேள்வியைப் பத்து ஆண்டுகளாக ஒரே மாதிரித் தவறாகக் கேட்டு ஒப்பிடுவதில் என்ன பயன் என்று மறுபடியும் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

சென்ற வாரம் புதிய ஆய்வுக்கான பயிற்சி. கைக்கணினியைக் கொடுத்ததும் தமிழ்ப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். எதிர்மறை வாக்கியங்கள் மூன்றும் நேராக்கப்பட்டிருந்தன. 'நடுநிலை' அப்படியே இருந்தது. இந்தச் சனிக்கிழமை உட்லண்ட்சில் ஏழு முகவரிகள். இன்றிரவு அடுத்த கடிதத்தை எழுதுகிறேன்.