டிரான்ஸ்ஃபார்மரின் உறுமலும் பேஸ் கிட்டாரின் ஜி கம்பியும்

மின்சாரம் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு ஐம்பது சுற்றாக, ஓடும் இடங்களில் டிரான்ஸ்ஃபார்மர் 100 ஹெர்ட்ஸில் உறுமும். மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் இரண்டு முறை நுண்ணளவில் நீண்டு சுருங்குவதால் இந்த இரட்டிப்பு. பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளில் மெல்லியது ஜி. அதன் சுருதி 98 ஹெர்ட்ஸ். துணை மின்நிலையத்தில் பராமரிப்பு வேலை பார்த்த காலம் முழுக்க இந்த இரண்டு ஹெர்ட்ஸ் வித்தியாசம் என் காதிலேயே இருந்தது. ரவுண்ட்ஸ் போகும்போது அந்த உறுமலோடு ஜி சுரத்தை முனகிப் பார்த்தால், நொடிக்கு இரண்டு முறை ஒலி எழும்பி அடங்கும். உறுமலில் புதிதாக ஒரு கரகரப்பு கலந்தால் அங்கேயே நின்றுவிடுவேன். பெரும்பாலும் எங்காவது ஒரு போல்ட் தளர்ந்திருக்கும்.

அந்தக் காதை எனக்குக் கொடுத்தது எங்கள் இசைக்குழு. அதில் நான் பேஸ் கிட்டார். உடன் வேலை பார்த்தவர்கள்தான் எல்லோரும். பணத்துக்காக வாசித்ததில்லை. ஷிப்ட் முடிந்ததும் கூடுவோம். அப்புறம் இடமாற்றம், பிள்ளைகள் படிப்பு என்று ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டோம். நான் மட்டும் தனியாக வாசித்துக்கொண்டே இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு மறுபடி கூடினோம்.

முதல் ரிகர்சலில் வாத்தியங்களை இணைத்த உடனே ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கீபோர்டு ஒரு பிளக்கில், கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் எதிர்ச் சுவரில் இன்னொரு பிளக்கில். இரண்டு எர்த்துக்கும் நடுவே சின்ன மின்னழுத்த வேறுபாடு இருந்தாலே போதும், கேபிளின் உறை வழியாக மின்னோட்டம் ஓடி இரைச்சல் கிளம்பும். "எர்த் பின்னைக் கழற்றிட்டா போச்சு" என்றார் கிட்டார்காரர். விடவே இல்லை நான். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்தவை. எர்த் இல்லாத ஆம்ப்பில் கோளாறு வந்தால் கம்பியிலேயே மின்சாரம் நிற்கும். கை கம்பியிலும் உதடு மைக்கிலும் பட்டால் உயிருக்கே ஆபத்து. எல்லாவற்றையும் ஒரே பவர் போர்டில் செருகினோம். இரைச்சல் அடங்கியது.

அடுத்து ஸ்கேல். பாடுகிறவருக்குப் பழைய ஈ ஸ்கேலில் மேல் சுரம் எட்டவில்லை. டி-க்கு இறக்கினோம். வராத சுரத்தில் அவரைத் தவிக்கவிட்டு, பாட்டைப் பழையபடியே வைத்துக்கொள்வதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. கீபோர்டுக்கு அது ஒரு பொத்தான் வேலை. எனக்கு அப்படியில்லை. என் கடைசிக் கம்பி ஈ, 41 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே சுரமே கிடையாது. கம்பியைத் தளர்த்தி டி-க்குக் கொண்டுவந்தேன். தளர்ந்த கம்பியை மென்மையாக மீட்ட வேண்டும், அழுத்தி மீட்டினால் ஃபிரெட்டில், அதாவது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில், அடித்துச் சடசடக்கும். அந்தக் கம்பியில் ஒவ்வொரு சுரமும் இரண்டு ஃபிரெட் தள்ளிப் போய்விடும். விரல் பழகச் சில வாரங்கள் பிடித்தன.

டிரம்ஸ் வாசிப்பவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது தொழிலிடப் பாதுகாப்பில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதன்படி 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். வேலையிடத்தில் காதுக் கவசம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ரிகர்சல் அறையில் அதைச் சொல்ல ஆள் இல்லை. டிரம்ஸோ சர்வசாதாரணமாக அந்த அளவைத் தாண்டும். இப்போது எல்லோரும் இசைக்கலைஞர்களுக்கென்றே வரும் காதடைப்பான் போட்டுக்கொள்கிறோம். இளைஞர்கள் முதல் நாளிலிருந்தே போட வேண்டும்.

அவர் தன் டிரம்ஸைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், என் வலது கை தெரியும்படி. காதுக்கு எட்டாததை என் விரல்களில் பார்த்து வாசிக்கிறார். இரண்டாவது சரணம் முடியும் இடத்தில் அந்தக் காலத்தில் ஒரு மயிரிழை தாமதித்துத்தான் உருட்டுவார். இப்போதும் தாமதித்தார். நானும் யோசிக்காமலே காத்திருந்தேன். பாடுகிறவரும் அங்கேதான் மூச்சு எடுத்தார். யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. இத்தனை வருடம் வீட்டில் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியோடு தனியாக வாசித்ததில் விரல் ஓடியது, ஆனால் இந்தக் காத்திருப்பு ஒரு தடவைகூட வாய்த்ததில்லை.

கிட்டார்காரர் புதிதாக ஒரு மெட்டு போட்டிருக்கிறார். அடுத்த ரிகர்சலில் அதை எடுக்கிறோம். பவர் போர்டு என் பொறுப்பு.