கரண்ட்டைக் கூட்டினால் போதுமா?

கண் மருந்து ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் தவறாமல் கேட்பது: "கரண்ட்டைக் கூட்டினால் மருந்து அதிகமாகப் போகும்தானே?"

மின்னோட்டத்தால் மருந்தைக் கண்ணுக்குள் தள்ளும் அயன்டோஃபொரசிஸ் முறை பார்க்க அவ்வளவு எளிது. எதிர்மின்னூட்டமுள்ள மருந்துக் கரைசலைக் கண்ணின்மேல் வைத்து, அதில் எதிர்மின்முனையைப் பொருத்துவோம்; ஒரே மின்னூட்டம் என்பதால் அது மருந்தை உள்ளே தள்ளும். இன்னொரு முனை நெற்றியில். சில மில்லிஆம்பியர், சில நிமிடம்; ஊசியே வேண்டாம். சொட்டு மருந்தில் பெரும்பகுதி கண்ணீரோடு வழிந்துபோய், 5 சதவீதம்கூட உள்ளே சேர்வதில்லை என்னும்போது யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் மின்னோட்டத்துக்கு மருந்தும் உப்பும் ஒன்றுதான். கூட்டமான பேருந்தில் சுறுசுறுப்பானவர் முதலில் ஏறிக்கொள்வதுபோல, உப்பிலுள்ள குட்டி குளோரைடு அயனி முந்திக்கொள்ளும். அழற்சியைக் குறைக்கும் மருந்தான பருத்த டெக்ஸாமெத்தசோன் ஃபாஸ்ஃபேட் பின்தங்கிவிடும். சரி, பஃபர் உப்பைக் குறைக்கலாமே என்றால், அமில-கார நிலையைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். பிளாட்டினக் கம்பியை எதிர்மின்முனையாக வைத்தால் நீர் பிரிந்து ஹைட்ராக்சைடு உண்டாகும், பிஎச் ஏறும், அதாவது காரத்தன்மை கூடும். கம்பியில் ஊசிமுனை அளவு ஹைட்ரஜன் குமிழ்கள் ஒட்டும். குமிழ்கள் வழியை மறிக்க, கருவி மின்னோட்டத்தை நிலையாக வைக்கப் பார்ப்பதால் மீட்டரில் வோல்டேஜ் மெல்ல ஏறும். குமிழ் திசுவின்மேல் படிந்தால், மிச்சமுள்ள இடத்தில் மின்னோட்டம் குவிந்துவிடும். அங்கேதான் கண்ணுக்கு ஆபத்து.

வெள்ளி-சில்வர் குளோரைடு முனைக்கு மாறினால் பிஎச் தொல்லை அடங்கும். அப்புறம் என்ன? அதே முனை எதிர்மின்பக்கம் இருக்கும்போது குளோரைடை வெளியிடும்! விரட்டிய போட்டியாளரை நாமே திரும்ப அழைத்து வந்தாயிற்று. எங்கள் வேலையில் பாதி இந்த இழுபறிதான்.

வெட்டியெடுத்த விலங்குக் கண்ணில் வரும் எண்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. உயிருள்ள கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் ரத்தம் வேகமாக ஓடுகிறது. கண்ணின் வெள்ளைப் பகுதியான வெண்படலத்தைத் தாண்டிய மருந்தில் கணிசமான பகுதியை அது அடித்துச் சென்றுவிடும்.

கருவிழிக்கு (கார்னியாவுக்கு) இந்த முறை நன்றாகவே பொருந்துகிறது. கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் கூம்பு விழி நோய்க்கு, அதை உறுதியாக்கும் குறுக்குப் பிணைப்புச் சிகிச்சையில், மேல்தோலைச் சுரண்டி ரைபோஃப்ளேவினை (வைட்டமின் பி2) 30 நிமிடம் ஊறவைப்பது பழைய வழக்கம். மின்னோட்ட முறையில் மேல்தோலை எடுக்காமல், 1 மில்லிஆம்பியரில் 5 நிமிடம் போதும். வலியும் குறைவு. ஆனால் ரைபோஃப்ளேவின் சேரும் அளவும் சிகிச்சை எட்டும் ஆழமும் பழைய முறைக்குக் கீழேதான். அந்த இடைவெளியையும் கரண்ட்டைக் கூட்டியே அடைத்துவிடலாம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள்; நான் முதலில் கரைசலில் என்ன உப்பு இருக்கிறது என்று கேட்பேன்.